பழைய நிலக்கரி அலகில் கரியமில வாயுப் பிடிப்பைப் பொருத்துவது தகுமா?

தெளிவுதேடி எழுதியது:

வணக்கம். எரிசக்திக் கொள்கை குறித்த முதுநிலைப் படிப்பின் பகுதியாக, ஏற்கெனவே இயங்கிவரும் நிலக்கரி மின் நிலையங்களில் கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் சேமிக்கும் அமைப்பைப் பின்னாளில் பொருத்துவது பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிவருகிறேன். படித்தவற்றில் இரண்டு குரல்கள்தாம் ஓங்கிக் கேட்கின்றன. தொழில்நுட்பம் தயாராக இருக்கிறது, செய்யும் துணிவுதான் இல்லை என்கிறது ஒரு தரப்பு. நிலக்கரியின் ஆயுளை நீட்டிக்கக் கண்டுபிடித்த சாக்கு என்கிறது மறுதரப்பு. இருவரும் எண்களைக் காட்டுகிறார்கள், ஆனால் ஒருவர் காட்டும் எண்ணை மற்றவர் எடுத்துப் பேசுவதே இல்லை.

என் கேள்வி குறுகலானது. 500 மெகாவாட் திறனுடைய, பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடிய ஓர் அலகை எடுத்துக்கொள்வோம். அதில் இந்த அமைப்பைச் சேர்த்தால் நிலையத்துக்குள் என்னென்ன மாறும்? 90 விழுக்காடு பிடிக்கலாம் என்ற கூற்றை எந்த அளவுக்கு நம்பலாம்? பிடித்த வாயுவை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருக்க முடியும்? நேரடி அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கொதிகலன் எழுதியது:

அனல்மின் நிலையங்களில் இயக்கப் பொறியாளராகப் பணியாற்றியவன் என்ற முறையில் நிலையத்துக்குள் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படைக் கணக்கு. எடையில் 60 விழுக்காடு கார்பன் உள்ள நிலக்கரி ஒரு டன் எரிந்தால் ஏறத்தாழ 2.2 டன் கரியமில வாயு வெளியேறும். ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொண்டு போவதால், கழிவின் எடை எரிபொருளின் எடையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. நிலையத்துக்குள் வரும் நிலக்கரியைக் கையாள ரயில் பாதை, கிடங்கு, கன்வேயர், அரைவை ஆலை என்று எவ்வளவு பெரிய ஏற்பாடு இருக்கிறது என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு, அதைவிட இருமடங்கு எடையுள்ள ஒரு பொருளை வெளியே கொண்டுபோய்ப் புதைப்பது என்றால் என்ன என்பது விளங்கும்.

500 மெகாவாட் அலகு முழுச் சுமையில் ஓடும்போது மணிக்குச் சுமார் 450 டன் கரியமில வாயு புகைபோக்கி வழியாகப் போகிறது. அதில் 90 விழுக்காட்டைப் பிடிப்பதென்றால் மணிக்கு 405 டன். இன்று வணிக அளவில் நிரூபிக்கப்பட்டுள்ள வழி, கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும் அமீன் என்ற நைட்ரஜன் சேர்மத்தின் கரைசலால் கழுவுவதுதான். புகைவாயுவை 40 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, ஓர் உறிஞ்சு கோபுரத்தில் மேலிருந்து இறங்கும் கரைசலோடு சந்திக்க வைக்கிறார்கள். கரியமில வாயுவைப் பற்றிக்கொண்ட கரைசலை இன்னொரு கோபுரத்தில் சுமார் 120 டிகிரிக்குச் சூடேற்றினால் வாயு பிரிந்து மேலே போகும், கரைசல் மறுபடி முதல் கோபுரத்துக்குத் திரும்பும். இந்தச் சூடேற்றத்தில்தான் செலவு அடங்கியிருக்கிறது.

ஒரு டன் வாயுவைப் பிரிக்க 3 கிகாஜூல் வெப்பம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கரைசல்களுக்கு 3.5-க்கு மேல் ஆகும், புதியவை 2.5 வரை இறங்கியிருக்கின்றன. 405 டன்னுக்கு அது ஏறத்தாழ 340 மெகாவாட் வெப்பம், நீராவியாகச் சொன்னால் மணிக்கு 550 டன்னுக்கும் மேல். அலகின் கொதிகலன் உற்பத்தி செய்யும் மொத்த நீராவியே மணிக்கு 1,600 டன் அளவுதான். அதாவது மூன்றில் ஒரு பங்கை, டர்பைனின் இடைஅழுத்தப் பகுதிக்கும் தாழ்அழுத்தப் பகுதிக்கும் இடையிலுள்ள குழாயிலிருந்து திருப்பிவிட வேண்டும். தாழ்அழுத்த டர்பைன் அந்த அளவுக்குப் பட்டினி கிடக்க வடிவமைக்கப்பட்டதே அல்ல. கடைசிக் கட்டத் தகடுகள் குறைந்த ஓட்டத்தில் அதிரும், சூடாகும். பழைய அலகில் டர்பைனையே மாற்றவோ திருத்தவோ வேண்டியிருப்பது இதனால்தான்.

நீராவி இழப்பால் 75 மெகாவாட், வாயுவை 100 பார் அழுத்தத்துக்கு மேல் அமுக்க 40 மெகாவாட், விசிறிகளுக்கும் பம்புகளுக்கும் இன்னும் பத்துப் பதினைந்து மெகாவாட் என்று கூட்டிப் பாருங்கள். 500 மெகாவாட் அலகு 370-ல் வந்து நிற்கும். எரியும் நிலக்கரியில் ஒரு கிலோ கூடக் குறையாது. குளிர்விக்கும் நீரின் தேவையும் மிகக் கணிசமாக உயரும், ஏனெனில் புகைவாயு, கரைசல், அமுக்கி மூன்றையும் குளிர்விக்க வேண்டும். நீர் தட்டுப்பாடான இடத்தில் உள்ள நிலையங்களுக்கு இந்த ஒன்றே திட்டத்தை நிறுத்தப் போதுமானது.

கரைசல் எழுதியது:

கொதிகலன் ஐயா சொன்ன கணக்கு சரியானது. வேதியியல் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் உண்மையான திட்டங்கள் தடுமாறிய இடம் பெரும்பாலும் இதுதான்.

90 விழுக்காடு பிடிப்பது வேதியியல் அளவில் கடினமான இலக்கு அல்ல. நிலக்கரிப் புகைவாயுவில் 12 முதல் 14 விழுக்காடு கரியமில வாயு இருக்கிறது. எரிவாயு டர்பைனின் புகையில் 4 விழுக்காடு அளவே இருப்பதோடு ஒப்பிட்டால் இது தாராளம். சோதனை நிலையங்களில் 95 விழுக்காட்டுக்கு மேலும் எட்டியிருக்கிறார்கள். அந்த விகிதத்தை ஆண்டு முழுவதும், நிலக்கரியின் தரம் மாறிக்கொண்டே இருக்கும்போதும் தக்கவைப்பதில்தான் சிக்கல் எழுகிறது.

அமீனுக்குக் கரியமில வாயுவைவிட கந்தக டை ஆக்சைடின் மீது ஈர்ப்பு அதிகம். அதைப் பற்றினால் சூட்டிலும் பிரியாத உப்பாக மாறி, அந்த அமீன் வேலைக்கு உதவாமல் போகிறது. ஆகவே கந்தக நீக்க அமைப்பு இருந்தால் மட்டும் போதாது, அது புகைவாயுவில் கந்தக டை ஆக்சைடைப் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கும் கீழே கொண்டுவர வேண்டும். காற்றுத் தர விதிகள் கேட்பதைவிட இது பல மடங்கு கடுமையான அளவு. ஆக்சிஜனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் கரைசலை மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் நிலைமின் வீழ்படிவியைத் தாண்டி வரும் நுண்சாம்பலில் உள்ள இரும்பு அந்தச் சிதைவை விரைவுபடுத்துகிறது. சாம்பல் கோபுரத்தின் அடுக்குகளிலும் வெப்பமாற்றிகளிலும் படிந்து அடைக்கிறது, கரைசலை நுரைக்க வைக்கிறது.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் உள்ள பவுண்டரி டேம் நிலையத்தின் 3-ஆம் அலகு இதற்குச் சரியான பாடம். 2014 அக்டோபரில் தொடங்கிய அது, நிலக்கரி மின் நிலையத்தில் வணிக அளவில் அமைந்த உலகின் முதல் பிடிப்பு ஆலை. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் என்பது வடிவமைப்பு இலக்கு. முதல் முழு ஆண்டில் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. சாம்பல் படிவு, கரைசல் சிதைவு, வெப்பமாற்றி அடைப்பு என்று நான் மேலே சொன்ன அத்தனையும் அங்கே நடந்தன. அதன்பின் உதிரி வெப்பமாற்றிகள் சேர்த்தார்கள், சுத்தம் செய்யும் ஏற்பாடுகளை மாற்றினார்கள், நிலைமை தேறியது. தொடங்கி எட்டு ஆண்டுகள் கடந்த நிலையில் மொத்தம் ஐம்பது லட்சம் டன் அளவுக்குப் பிடித்திருந்தார்கள். வடிவமைப்பின்படி எண்பது லட்சம் ஆகியிருக்க வேண்டும்.

இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஐம்பது லட்சம் டன் வாயு உண்மையாகவே காற்றுக்குப் போகவில்லை. ஆனால் "90 விழுக்காடு" என்ற சொல் ஆலை ஓடும் மணி நேரத்தைப் பற்றியது, ஆண்டைப் பற்றியது அல்ல என்பதை உங்கள் கட்டுரையில் அழுத்தமாக எழுதுங்கள்.

இன்னொன்று, பெரும்பாலான அறிக்கைகள் ஒற்றை வரியில் கடந்துபோகும் செய்தி. வழக்கமான மோனோஎத்தனால் அமீன் கரைசலில், பிடிக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு கிலோவுக்கு மேல் வீணாகிறது. நம் 500 மெகாவாட் அலகுக்கு அது ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் வேதிக்கழிவு. புகைபோக்கி வழியாகச் சிறிதளவு அமீனும் தப்பும். காற்றில் அது நைட்ரமீன், நைட்ரோசமீன் வகைச் சேர்மங்களாக மாறக்கூடும், அவற்றுள் சில புற்றுநோய் விளைவிப்பவை. நார்வேயின் மோங்ஸ்டாட்டில் 2012-இல் திறந்த சோதனை மையம் இதை அளந்து, கட்டுப்படுத்தும் வழிகளை உருவாக்குவதில் நிறைய உழைத்திருக்கிறது. கோபுரத்தின் உச்சியில் நீர்க்கழுவலும் அமிலக்கழுவலும் வைத்தால் மிகக் குறைத்துவிடலாம். செலவை மிச்சப்படுத்த முதலில் வெட்டப்படும் பகுதியும் பல நேரங்களில் இதுவாகவே இருக்கும் என்பதுதான் என் கவலை.

தெளிவுதேடி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. டெக்சாஸில் உள்ள பெட்ரா நோவா திட்டம் இந்தச் சிக்கல்களைத் தவிர்த்துவிட்டதாகப் படித்தேன். குறித்த காலத்தில், குறித்த செலவுக்குள் முடிந்த திட்டம் என்று பாராட்டுகிறார்கள். அப்படியிருந்தும் அது ஏன் 2020-இல் நிறுத்தப்பட்டது?

வரவுசெலவு எழுதியது:

இந்தக் கேள்விக்கு விடை கரைசலில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

பெட்ரா நோவா ஹூஸ்டனுக்கு அருகிலுள்ள டபிள்யூ. ஏ. பாரிஷ் நிலையத்தின் 8-ஆம் அலகில் அமைந்தது. முழு அலகையும் தொடாமல், 240 மெகாவாட்டுக்கு ஈடான புகைவாயுவை மட்டும் கிளை பிரித்து எடுத்தார்கள். வேண்டிய நீராவிக்கும் மின்சாரத்துக்கும் தனியாக ஓர் எரிவாயு டர்பைனை நிறுவினார்கள். ஆகவே கொதிகலன் அவர்கள் சொன்ன டர்பைன் திருத்த வேலை எதுவும் தேவைப்படவில்லை. பொறியியல் நோக்கில் அறிவார்ந்த முடிவு, ஆனால் அந்த எரிவாயு டர்பைன் வெளியிட்ட கரியமில வாயுவைப் பிடிக்கவில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

திட்டச் செலவு சுமார் 100 கோடி டாலர். அமெரிக்க எரிசக்தித் துறை 19 கோடி டாலர் வரை மானியம் ஒதுக்கியது. பிடித்த வாயு 130 கிலோமீட்டர் குழாய் வழியே வெஸ்ட் ராஞ்ச் எண்ணெய் வயலுக்குப் போனது. அங்கே அதை உட்செலுத்தி, பழைய வயலில் தேங்கிக் கிடந்த கச்சா எண்ணெயை வெளியே தள்ளினார்கள். திட்டத்தின் வருவாய் அந்த எண்ணெய்தான். 2020-இல் எண்ணெய் விலை சரிந்தபோது பிடிப்பதை நிறுத்தினார்கள், மின் அலகு மட்டும் வழக்கம்போல் புகைவிட்டுக்கொண்டு தொடர்ந்து ஓடியது. 2022-இல் கூட்டாளி நிறுவனம் தன் பாதிப் பங்கை 36 லட்சம் டாலருக்கு விற்றது. 100 கோடி டாலர் ஆலையின் பாதிக்கு அதுதான் கிடைத்த விலை. வாங்கிய ஜப்பானிய நிறுவனம் 2023 செப்டம்பரில் ஆலையை மீண்டும் ஓட்டத் தொடங்கியது.

கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் அந்த அலகின்மீது இல்லை, வாயுவை விற்று லாபம் வந்தவரை பிடித்தார்கள் என்பதே இதன் பொருள். நார்வேயின் ஸ்லைப்னர் வயலை இதனோடு வைத்துப் பாருங்கள். அங்கே 1991-இல் கரியமில வரி வந்தது, 1996 முதல் இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்த கரியமில வாயுவை ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் கடலடிப் பாறையில் செலுத்திவந்தார்கள். எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் அது நிற்கவில்லை, ஏனென்றால் காற்றில் விட்டால் வரி கட்ட வேண்டும்.

எண்ணெய் மீட்பைப் பற்றி ஒரு குறிப்பு. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் எரிந்தால் 0.4 டன்னுக்குச் சற்று மேல் கரியமில வாயு வரும். அந்தப் பீப்பாயை வெளியே எடுக்க நிலத்தடியில் தங்கும் வாயுவும் பெரும்பாலும் ஏறத்தாழ அந்த அளவே. அந்த எண்ணெய் வேறோர் எண்ணெயின் இடத்தைப் பிடிக்கிறதா, அதற்கு மேல் கூடுதலாக எரிகிறதா என்பதைப் பொறுத்தே மிச்சம் என்ன என்று சொல்ல முடியும்.

அடுத்து, உங்கள் கட்டுரைக்கு மிக முக்கியமானது என்று நான் கருதும் வேறுபாடு: பிடித்த டன் வேறு, தவிர்த்த டன் வேறு. பழைய அலகு குறிப்பிட்ட அளவு மின்சாரத்துக்கு 100 டன் வாயுவை விட்டது என்று கொள்வோம். பிடிப்பு அமைப்பு திறனில் கால் பங்கை விழுங்குகிறது. அதே மின்சாரத்தைத் தர 133 டன் வாயு உண்டாகும் அளவுக்கு நிலக்கரியை எரிக்க வேண்டும். 90 விழுக்காடு பிடித்தால் 120 டன் பிடிபடும், 13 டன் வெளியே போகும். நாம் உண்மையில் தவிர்த்தது 87 டன். டன் ஒன்றைப் பிடிக்க 50 டாலர் ஆனால், தவிர்க்க 69 டாலர் ஆகும். விளம்பரத் தாளில் முதல் எண் இருக்கும், வளிமண்டலத்துக்குப் பொருள்படுவது இரண்டாவது எண். அத்தோடு 33 விழுக்காடு கூடுதல் நிலக்கரியைத் தோண்ட வேண்டும், அதற்கேற்ப சாம்பலும், சுரங்கத்திலிருந்து கசியும் மீத்தேனும் கூடும்.

கொதிகலன் எழுதியது:

மீத்தேனைக் குறிப்பிட்டது நன்று, பலரும் மறந்துவிடுவது அது. வரவுசெலவு அவர்கள் சொன்னதோடு ஓட்டும் முறையையும் சேர்க்க வேண்டும். சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் பெருகிய மின்கட்டமைப்புகளில் நிலக்கரி அலகுகள் இப்போது பகலில் 55, 50 விழுக்காட்டுச் சுமைக்கு இறங்கி, மாலையில் விரைந்து ஏறுகின்றன. பிடிப்பு ஆலைக்கு நிலையான ஓட்டம்தான் ஒத்துவரும். குளிர்ந்து நிற்கும் பிரிப்புக் கோபுரத்தைச் சூடேற்றி நிலைக்குக் கொண்டுவர மணிக்கணக்கில் ஆகும், அதற்குள் போகும் புகை அப்படியே போனதுதான். ஆண்டில் பாதி நேரமே ஓடும் ஓர் அலகின் தலையில் இவ்வளவு முதலீட்டை ஏற்றினால், அதே செலவு பாதி டன்களின் மேல் விழும்.

அடிப்பாறை எழுதியது:

இதுவரை பேச்சு தரைக்கு மேலேயே இருக்கிறது. பிடிப்பு ஆலையை எங்கு வேண்டுமானாலும் கட்டலாம், சேமிக்கத் தகுந்த பாறை எங்கு வேண்டுமானாலும் இருக்காது. மின் நிலையங்கள் சுரங்கத்துக்கும் நீருக்கும் அருகே அமைந்தவை. அவற்றுக்குக் கீழே என்ன பாறை இருக்கிறது என்பதை அன்று யாரும் கேட்கவில்லை.

வேண்டியவை மூன்று. முதலாவது, துளைகள் நிறைந்த, அந்தத் துளைகள் ஒன்றோடொன்று தொடர்புள்ள ஒரு பாறைப்படிவம், பெரும்பாலும் உப்புநீர் நிரம்பிய மணற்கல். இரண்டாவது, அதற்கு மேலே வாயுவைக் கடக்க விடாத களிப்பாறை அல்லது உப்புப்பாறை, நாங்கள் மூடுபாறை என்போம். மூன்றாவது, ஆழம். கரியமில வாயு 31 டிகிரி வெப்பத்தையும் 74 பார் அழுத்தத்தையும் தாண்டினால் வாயுவுமல்லாத திரவமுமல்லாத மிகைநிலையை அடையும். ஏறத்தாழ 800 மீட்டருக்குக் கீழே நிலத்தின் இயல்பான வெப்பமும் அழுத்தமுமே அதற்குப் போதும். அங்கே அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 600, 700 கிலோ வரை இருக்கும், அதாவது குறைந்த இடத்தில் நிறைய அடங்கும்.

உள்ளே போன வாயு எப்படி நிற்கிறது என்பதையும் விளக்கிவிடுகிறேன். தொடக்கத்தில் அது உப்புநீரைவிட இலேசானதால் மேலே ஏறி மூடுபாறையின் அடியில் தேங்கும். நகரும் வழியில் ஒரு பகுதி நுண்துளைகளில் சிறுசிறு குமிழ்களாகச் சிக்கி அசையாமல் நின்றுவிடும். இன்னொரு பகுதி உப்புநீரில் கரையும், கரைந்த நீர் சற்றுக் கனமாகிக் கீழே இறங்கும். மிக நீண்ட காலத்தில் பாறையின் கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்து கார்பனேட் கனிமமாகும். மணற்கல்லில் இந்தக் கடைசிப் படிக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் அப்படியல்ல. ஐஸ்லாந்தின் கார்ப்ஃபிக்ஸ் சோதனையில் நீரில் கரைத்துச் செலுத்திய வாயுவில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டே ஆண்டுகளில் கல்லானது. ஆனால் அந்த முறைக்கு ஒவ்வொரு டன் வாயுவுக்கும் இருபது டன்னுக்கு மேல் தண்ணீர் வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

இப்போது அளவு. நம் 500 மெகாவாட் அலகு 80 விழுக்காட்டுச் சுமையில் ஓடினால் ஆண்டுக்கு 28 லட்சம் டன் பிடிபடும், 25 ஆண்டுகளில் 7 கோடி டன். கன மீட்டருக்கு 650 கிலோ என்றால் அது ஏறத்தாழ 10.8 கோடி கன மீட்டர். பாறையின் துளைகள் எல்லாவற்றையும் வாயு நிரப்பாது, உப்புநீரை விலக்கிக்கொண்டு போகும்போது இரண்டு விழுக்காடு அளவையே பயன்படுத்தும் என்பது வழக்கமான மதிப்பீடு. 100 மீட்டர் தடிப்பும் 20 விழுக்காடு துளையிடமும் உள்ள நல்ல மணற்கல் என்று கொண்டாலும், வாயு பரவும் பரப்பு 270 சதுர கிலோமீட்டர். இது ஒரே ஓர் அலகுக்கு. அந்தப் பரப்பு முழுவதிலும் மூடுபாறையில் விரிசல் இல்லை என்றும், கைவிடப்பட்ட பழைய கிணறுகள் சரியாக அடைக்கப்பட்டிருக்கின்றன என்றும் உறுதி செய்ய வேண்டும்.

இடம் போதுமானதாக இருந்தாலும் அழுத்தம் தடையாகலாம். நார்வேயின் ஸ்னோவிட் திட்டத்தில் 2008-இல் செலுத்தத் தொடங்கினார்கள். கணித்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறியதால் 2011-இல் வேறு படிவத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அல்ஜீரியாவின் இன் சாலாவில் 2004 முதல் 2011 வரை 38 லட்சம் டன் செலுத்தினார்கள். தரைமட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வதைச் செயற்கைக்கோள் காட்டியது, மூடுபாறையின் உறுதி குறித்து ஐயம் எழுந்ததால் நிறுத்தினார்கள். இரண்டு இடங்களிலும் கண்காணிப்பு இருந்ததால் உரிய நேரத்தில் தெரியவந்தது. எண்ணெய் நிறுவனங்களின் பல ஆண்டுத் தரவுகள் இருந்த வயல்களிலேயே இப்படி என்றால், துளையே போடாத ஒரு படிவத்தை நம்பி மின் நிலையத்தில் பல கோடி முதலீடு செய்வதை நான் ஏற்க மாட்டேன்.

கரையோரம் எழுதியது:

நான் பொறியாளர் அல்லன், குழாய்ப் பாதைகளுக்கு அருகில் வாழும் மக்களோடு பணியாற்றுபவன். நிலையத்துக்கும் சேமிப்பிடத்துக்கும் இடையே உள்ள குழாயைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று கேட்கிறேன். 2020 பிப்ரவரியில் மிசிசிப்பியின் சட்டார்ஷியா என்ற சிற்றூருக்கு அருகே கரியமில வாயுக் குழாய் வெடித்தது. 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டார்கள். சாலையில் கார்கள் ஆக்சிஜன் இல்லாமல் நின்றுபோயின, மக்கள் ஓட முடியாமல் தவித்தார்கள். இந்த வாயு நெருப்புப் பிடிக்காதது, பாதுகாப்பானது என்று மட்டும் சொல்லி ஒப்புதல் வாங்குவது நேர்மையாகுமா?

அடிப்பாறை எழுதியது:

நேர்மையாகாது. அந்த வாயு காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனமானது. காற்றில்லாத இரவில் பள்ளத்தில் தேங்கி நிற்கும், மணமும் இல்லை, நிறமும் இல்லை. காற்றில் 4 விழுக்காடு இருந்தாலே உயிருக்கு ஆபத்து, 10 விழுக்காட்டில் சில நிமிடங்களில் நினைவு தப்பும். சட்டார்ஷியாவில் கனமழைக்குப் பின் மண் சரிந்து குழாய் உடைந்தது. அவசர உதவிக்கு வந்தவர்களுக்குத் தாங்கள் எதிர்கொள்வது என்ன வாயு என்பதே முதலில் தெரியவில்லை.

தவிர்க்கும் வழிகள் உள்ளன. வாயுவிலிருந்து ஈரத்தை முற்றிலும் நீக்க வேண்டும், நீர் கலந்தால் கார்பானிக் அமிலமாகி எஃகை அரிக்கும். குழாய்ச் சுவரில் ஒரு விரிசல் தொடங்கினால் அது நீண்ட தூரம் ஓடாமல் தடுக்கும் வளையங்களைப் பொருத்த வேண்டும். தானே மூடும் வால்வுகளை நெருக்கமாக வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதையில் உள்ள ஒவ்வோர் ஊருக்கும் முன்கூட்டியே சொல்லி, எச்சரிக்கைக் கருவிகள் தந்து, பயிற்சி நடத்த வேண்டும். சேமிப்பிடத்தில் கசிவு ஏற்படும் வாய்ப்பு குறைவு. நன்கு தேர்ந்தெடுத்த இடத்தில் ஆயிரம் ஆண்டுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் தங்கியிருக்க வாய்ப்புண்டு என்பது காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 2005 அறிக்கை. மனிதர்களுக்கு உடனடி ஆபத்து குழாயிலும் கிணற்றுவாயிலும்தான் இருக்கிறது, ஆகவே கரையோரம் ஐயாவின் கேள்வி மிகச் சரியான இடத்தைத் தொடுகிறது.

வரவுசெலவு எழுதியது:

என் நிலைப்பாட்டை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பழைய நிலக்கரி அலகுகளில் இதைப் பொருத்துவது பணத்தைத் தவறான இடத்தில் செலவிடுவது. பவுண்டரி டேமில் மறுசீரமைப்பும் பிடிப்பு ஆலையும் சேர்ந்து ஏறத்தாழ 150 கோடி கனடா டாலர் ஆனது, கிடைப்பது 115 மெகாவாட்டுக்கும் குறைவு. அதே நிலையத்தின் 4, 5-ஆம் அலகுகளில் பொருத்தப் போவதில்லை என்று 2018-இல் அந்த மின் நிறுவனமே முடிவு செய்தது. நிலக்கரியை வாயுவாக்கிப் பிடிப்போம் என்று தொடங்கிய மிசிசிப்பியின் கெம்பர் நிலையம் 750 கோடி டாலரை விழுங்கி, 2017-இல் அந்தப் பகுதியைக் கைவிட்டு, இன்று வெறும் எரிவாயுவில் ஓடுகிறது. மேற்கு வர்ஜீனியாவின் மவுண்டனீர் நிலையத்தில் சிறிய சோதனை நன்றாக ஓடியபோதும், பெரிய அளவில் செய்யும் செலவை மின்கட்டணத்தில் ஏற்ற ஒழுங்குமுறை ஆணையங்கள் ஒப்பாததால் 2011-இல் கைவிட்டார்கள். மின்சாரத்தை உற்பத்தி செய்ய வேறு வழிகள் இருக்கின்றன. சிமென்ட்டுக்கு அந்த வசதி இல்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு வெளிவருகிறது, எந்த எரிபொருளைப் பயன்படுத்தினாலும் அது வந்தே தீரும். நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில் 2025-இல் தொடங்கிய, ஆண்டுக்கு நான்கு லட்சம் டன் பிடிக்கும் அமைப்பைப் போன்றவற்றுக்கே நல்ல சேமிப்புப் பாறைகளை ஒதுக்கிவைக்க வேண்டும்.

கரைசல் எழுதியது:

முன்னுரிமை சிமென்ட்டுக்கு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிரெவிக்கில் அமீன் கோபுரம் இன்று நம்பிக்கையோடு நிற்கிறதென்றால், பவுண்டரி டேமிலும் பெட்ரா நோவாவிலும் பட்ட பாடுகளுக்கு அதில் பங்குண்டு. சாம்பலையும் சிதைவையும் சமாளிக்கும் அறிவு ஆய்வகத்தில் வந்ததல்ல. மேலும், கட்டி ஐந்து பத்து ஆண்டுகளே ஆன, மிக உயர்ந்த அழுத்த நீராவியில் ஓடும் திறன் மிகுந்த மிகைமாறுநிலை அலகுகள் உலகில் நிறைய இருக்கின்றன. அவற்றை உடனே மூடும் துணிவு எந்த அரசுக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அவற்றுள் நல்ல பாறைக்கு அருகே, போதிய நீரோடு, ஆண்டு முழுவதும் அடிச்சுமையில், அதாவது ஏற்ற இறக்கமின்றி ஓடுபவை சில இருந்தால், அவற்றைத் தனித்தனியே ஆராய்வதில் தவறில்லை. சீனாவின் தைஜோ நிலையத்தில் 2023-இல் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் அளவிலான ஆலை தொடங்கியது. எல்லாவற்றுக்கும் ஒரே விடை சொல்லிவிட வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

வரவுசெலவு எழுதியது:

நீங்கள் அடுக்கிய நான்கு நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்தும் அலகுகள் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும். அவற்றை ஆராய்வதை நான் தடுக்கவில்லை. "பிடிப்பு அமைப்புக்கு இடம் விட்டுக் கட்டியிருக்கிறோம்" என்ற ஒரு வரியைக் காட்டிப் புதிய நிலக்கரி நிலையங்களுக்கு அனுமதி வாங்குவதைத்தான் எதிர்க்கிறேன். கோபுரத்துக்கு நிலம் ஒதுக்குவது எளிது. நீராவிக் குழாயில் இணைப்பு வாய் உண்டா, நீர் ஒதுக்கீடு உண்டா, சேமிப்புப் பாறையில் சோதனைக் கிணறு போட்டார்களா என்று கேட்டால் பெரும்பாலும் விடை வராது.

தெளிவுதேடி எழுதியது:

இவ்வளவு விரிவான விளக்கத்தை எதிர்பார்க்கவில்லை, உளமார்ந்த நன்றி. இறுதியாக ஒரு கேள்வி. செலுத்தி முடித்துக் கிணற்றை மூடிய பிறகு அந்த வாயுவுக்கு யார் பொறுப்பு? மின் நிலையத்தின் ஆயுள் முப்பது நாற்பது ஆண்டுகள், நிறுவனத்தின் ஆயுள் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

அடிப்பாறை எழுதியது:

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 நெறியாணைப்படி, மூடிய பிறகு குறைந்தது 20 ஆண்டுகள் நிறுவனத்தின் பொறுப்பு. வாயு நிலையாகத் தங்கிவிட்டது என்பது முன்னதாகவே உறுதிப்பட்டால் அந்நாட்டின் பொறுப்பு அமைப்பு அந்தக் காலத்தைக் குறைக்கலாம். அதன்பின் அரசு ஏற்கும், ஆனால் கைமாற்றும்போது குறைந்தது 30 ஆண்டுக் கண்காணிப்புச் செலவை ஈடுகட்டும் தொகையை நிறுவனம் செலுத்த வேண்டும். அமெரிக்காவில் கரியமில வாயுவைச் செலுத்துவதற்கான ஆறாம் வகைக் கிணறுகள் என்ற பிரிவில் 50 ஆண்டுக் கண்காணிப்பு இயல்பான விதி, அதற்கான நிதிப் பிணையை முதலிலேயே காட்ட வேண்டும். இத்தகைய சட்டம் இல்லாத நாட்டில், முதல் டன்னைச் செலுத்தும் முன்பே அந்தச் சட்டம் வந்தாக வேண்டும்.

உங்கள் கட்டுரையில் ஆய்வு வரிசையைப் பற்றி ஓர் அத்தியாயம் வருமானால், வழக்கமான வரிசையைத் தலைகீழாக்குங்கள். இப்போது பிடிப்பு ஆலையின் வடிவமைப்புக்குப் பணம் ஒதுக்கி, சேமிப்பைக் கடைசி அத்தியாயத்தில் "அருகிலுள்ள படுகைகளில் வாய்ப்பு உள்ளது" என்று முடிக்கிறார்கள். முதலில் அந்தப் பகுதியில் கடந்த காலத்தில் எண்ணெய், நீர், கனிமத் தேடலுக்காகப் போட்ட எல்லாத் துளைகளின் பதிவேடுகளையும் திரட்ட வேண்டும். எந்த ஆழம், எப்போது, எந்தச் சிமென்ட்டால் அடைத்தார்கள் என்பது வரை தேட வேண்டும், ஏனெனில் வாயு மேலே வர மிக எளிதான வழி மனிதன் போட்ட துளைதான். பிறகு நில அதிர்வு அளவாய்வு, பிறகு ஒரு சோதனைக் கிணறு, அதில் மூடுபாறையின் உருளை வடிவ மாதிரியை வெட்டியெடுத்து ஆய்வு, குறைந்த அளவில் செலுத்திப் பார்த்து அழுத்தம் எப்படி ஏறுகிறது என்ற அளவீடு. பவுண்டரி டேமில் எண்ணெய் மீட்புக்கு விற்றது போக எஞ்சிய வாயுவுக்காக அக்விஸ்டோர் என்ற சேமிப்புத் திட்டத்தில் சுமார் 3.4 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போட்ட கிணற்றையும், அதற்குப் பக்கத்திலேயே கண்காணிப்புக்கென்று போட்ட இரண்டாவது கிணற்றையும் பற்றி வெளியான ஆய்வுகளைப் படியுங்கள். இவையெல்லாம் முடிந்த பின்னரே கொதிகலன் ஐயாவிடம் போய், டர்பைனிலிருந்து எவ்வளவு நீராவி தர முடியும் என்று கேட்க வேண்டும்.